கர்தூல் நகரத்துக் குடிநீர் இணைப்பு

கனியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் கையில் காலி டம்ளர் இருந்தது. வியாழக்கிழமை, காலை ஏழே கால் மணி. ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த என்னிடம், கட்டிலில் உட்கார்ந்தபடியே டம்ளரை நீட்டினாள்.

"இன்னும் அரை டம்ளர் ஊத்துங்க. சாயங்காலம் உள்ளதுல குறைச்சுக்கிடலாம்."

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் மதுரைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவோம். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்து, மருந்து பாட்டிலில் கோடு போட்டுக் காலைக்கு இவ்வளவு, மத்தியானத்துக்கு இவ்வளவு என்று நான்தான் அளந்து கொடுத்துவந்தேன்.

"காலைக்கு உள்ளது முடிஞ்சுபோச்சு கனி. டாக்டர் எழுதியிருக்காருல்ல."

"எழுத்துல வந்துட்டா உங்களுக்கு அதுக்கு மேல பேச்சே கிடையாது," என்று சிரித்தாள். டம்ளரை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டி, ஒட்டியிருந்த ஒரு துளியை நாக்கால் தொட்டுக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். பன்னிரண்டு மணிக்கு எங்கள் பக்கத்து வீட்டு நவமணி அக்கா அச்சகத்து வாசலில் வந்து நின்றார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

கனி குடிக்கக் கேட்டது எங்கள் ஊர்த் தண்ணீர் இல்லை, கர்தூல் தண்ணீர். அதை எங்கள் ஒன்பது வீட்டு வளவுக்குக் கொண்டுவந்தவளே அவள்தான்.

எங்கள் ஊர் அச்சடிக்கிற ஊர். நான் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மடிப்பு மெஷினில் முப்பத்தோரு வருடம் நின்றவன். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பை, வேஸ்ட் ஷீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானாகத் தொடர்ந்தேன். எங்கள் மெஷினில் எது ஓடியதோ அதைத்தான் படித்தேன். நாய் வளர்ப்பும் நோர்வே சமையலும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு தடவை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காகப் பெரிய புத்தகம் ஒன்று ஓடியது. உலகத்தில் எங்கும் இல்லாத கர்தூல் என்ற நகரத்தைப் பற்றிய புத்தகம். அதில் கதை கிடையாது. நகரம் மட்டும்தான் இருந்தது. ஏழு வாய்க்கால்கள், பதினான்கு வட்டாரங்கள், எண் போட்ட அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டடங்கள், கடல் ஏறும் இறங்கும் நேரம், எந்தத் தெருவில் எந்த நாள் சந்தை என்பது வரைக்கும் எழுதிவிட்டு, கதையை வாங்குகிறவர்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தார்கள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டிய ஆட்டம் அது. ஒருவர் ஊராக இருக்க வேண்டும். மற்றவர்கள் அந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்களாக இருக்க வேண்டும். வந்தவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல, ஊர் பதில் சொல்லும். சந்தேகமான இடத்தில் காய் உருட்டிப் பார்க்க வேண்டும்.

நிறம் விலகி வீணான பிரதி ஒன்றை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கிவந்து கனிக்கு வாசித்துக் காட்டினேன். வாய்க்கால்கள் எல்லாம் அச்சில் ஒரு நூல் தள்ளி, வீடுகளின் மேலேயே ஓடின. அவள் அந்த வரைபடத்தைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் அரிசி டப்பாக்களை வைத்து, வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "நான் ஊரா இருக்கேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆட ஆரம்பித்தோம். காலண்டருக்குத் தகரம் அடிக்கும் நவமணி அக்கா, லாரி செட்டில் லோடு ஏற்றும் சுடலைமுத்து, தாலுகா ஆபீசில் நாற்பது வருடம் எழுதி ஓய்வுபெற்ற ரத்தினசாமி சார் ஆகிய மூன்று பேரும் வந்தவர்கள். புத்தகத்தைத் தமிழில் சொல்லிக் கொடுப்பது மட்டும் என் வேலை. பல முகக் காய் எங்களிடம் இல்லை, அதனால் தாயக்கட்டை வைத்துக்கொண்டோம்.

"கடைசில யாரு ஜெயிப்பா?" என்று சுடலைமுத்து முதல் நாளே கேட்டான்.

"யாரும் ஜெயிக்க மாட்டாகளாம்," என்றாள் கனி.

"அப்ப இது நம்ம வளவுதான் மைனி. இதை ஆடுறதுக்கு எதுக்குப் புத்தகம்?"

புத்தகத்தில் தொடக்கத்துக்கு என்று ஒரு சம்பவம் கொடுத்திருந்தார்கள். நகரத்துப் பெரிய மணியின் நாக்கை யாரோ திருடிவிட்டார்கள், வந்தவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நான் அதை வாசித்து முடித்ததும் நவமணி அக்கா தாயக்கட்டையைக் கீழே வைத்தார்.

"நாக்கை எவன் எடுத்தா நமக்கென்ன? அந்த ஊர்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வருதுன்னு கேளு முதல்ல."

எங்கள் வளவில் ஒன்பது வீட்டுக்கு ஒரு குழாய். பதினோரு நாளைக்கு ஒரு தடவை, நாற்பது நிமிடம் வரும். அப்படிப்பட்ட மனிதர்களை ஏழு வாய்க்கால் ஓடும் ஊருக்குக் கொண்டுபோய் விட்டால் அவர்கள் திருடனையா தேடுவார்கள்? கயிறு திரிப்போர் சந்தில் வாடகைக்கு வீடு பிடித்து, அந்த வீட்டுக்குத் தண்ணீர் இணைப்புக் கேட்டு எண்பத்தெட்டாம் எண் கட்டடமான நீர் அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றார்கள். ஏழு ஞாயிற்றுக்கிழமை நின்றார்கள்.

அந்த அலுவலகத்தில் தல்மோர் என்று ஓர் எழுத்தர் இருந்தார். சொத்தைப் பல்காரர். கனி ஒரு கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு அவராகப் பேசுவாள். போன வாரம் கேட்ட காகிதத்தைக் கொண்டுபோனால் இந்த வாரம் வேறு காகிதம் கேட்பார். வீட்டுச் சொந்தக்காரர் சம்மதம் கேட்பார். சொந்தக்காரர் கப்பலில் போயிருக்கிறார் என்றால் கப்பலின் சம்மதம் கேட்பார். பல்வலி வந்தால் சன்னலைச் சாத்திவிடுவார். ஆறாவது வாரம் சுடலைமுத்து, "யோவ், ஒன் பல்லை நான் புடுங்கி விடுதேன், கையெழுத்தைப் போடுய்யா!" என்று கத்தினான். ரத்தினசாமி சார்தான் அவனை உட்காரவைத்தார். "தம்பி, ஆபீசர்கிட்ட அப்படிப் பேசப்படாது. நானும் அந்த நாற்காலியில இருந்தவன். அவருக்கு மேலிடத்துல என்ன நெருக்கடியோ" என்று சொல்லி, முழு நீளத் தாளில் புதிய மனு ஒன்றை, பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று போட்டு, சாட்சிக் கையெழுத்தோடு எழுதினார்.

ஏழாவது வாரம் பன்னிரண்டு விழுந்தால் அனுமதி என்றாள் கனி. நவமணி அக்கா கட்டைகளை இரு கையிலும் உருட்டி, நெற்றியில் ஒற்றிப் போட்டார். பன்னிரண்டு விழுந்தது. கனி மஞ்சள் டப்பாவின் மூடியை ஈரத்தில் ஒற்றி மனுவின் மேல் முத்திரை குத்தினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அது தண்ணீர் வருகிற நாள் இல்லை. லேசான பச்சை நிறத்தில், ஐஸ் போல, தாரும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசத்தோடு விழுந்த அந்தத் தண்ணீரில், குடத்துக்கு இரண்டு கயிற்றிழை மிதந்தது. நவமணி அக்கா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "தல்மோர் நல்ல மனுசன்," என்று சொல்லி அடுத்த குடத்தை வைத்தார். மனுவை எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ரத்தினசாமி சார் நாற்பது வருடப் பழக்கத்தில், இணைப்பு வேண்டிய முகவரி என்ற இடத்தில் கயிறு திரிப்போர் சந்துக்குப் பதிலாக எங்கள் வளவின் கதவு எண்ணை எழுதிவிட்டிருந்தார்.

"என் சர்வீஸ்லயே இதுதான் முதல் பிழை," என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அது நின்றுபோகுமோ என்று முதல் வாரம் எல்லோரும் அண்டா குண்டாவெல்லாம் நிறைத்துவைத்தார்கள். நிற்கவில்லை என்று தெரிந்ததும் நிறைப்பதை விட்டுவிட்டார்கள். கடல் ஏறும் நாளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். அது எந்த நாள் என்று புத்தகத்தின் அட்டவணையைப் பார்த்து நான் சொல்ல, கனி கரித்துண்டால் குழாயடிச் சுவரில் எழுதிவைப்பாள். அந்த நாளில் வளவில் யாரும் உலை வைப்பதில்லை; துணி மட்டும் துவைத்துக்கொள்வார்கள். பருப்பு சீக்கிரம் வெந்தது, அரிசி தாமதமாக வெந்தது. உலர்ந்த சட்டையில் மூடுபனி வாசம் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எங்களிடம் எந்த ஊர் என்று கேட்டார்கள். சில குடங்களில் விரல் நீளத்தில் கண்ணில்லாத மீன் வந்தது. அது சைவமா அசைவமா என்று ஒரு வாரம் விவாதம் நடந்து, கடைசியில் குழம்பு வைத்துப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

நகராட்சி ஓவர்சியர் வந்தார். எந்த லைனிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். ரத்தினசாமி சார் மஞ்சள் முத்திரை குத்திய மனுவைக் காட்டினார். ஓவர்சியர் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் முறையாத்தான் இருக்கு. சாட்சி வரைக்கும் இருக்கே. எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு சுத்தமா வராது சார்," என்றவர் தன் நோட்டில் 'பிற ஆதாரம்' என்று எழுதிக்கொண்டு, வீட்டுக்கு ஒரு கேன் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் வார்டு உறுப்பினர், அந்தத் தண்ணீரைத் தன் சொந்த முயற்சியால் கொண்டுவந்ததாகப் பலகை வைத்தார். அதன் பிறகு பக்கத்துத் தெருக்காரர்களும் தயங்காமல் வர ஆரம்பித்தார்கள். ஒருவரையும் நாங்கள் திருப்பி அனுப்பவில்லை.

கர்தூலின் விதி ஒன்றே ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீர் அலுவலகத்துக்கு நேரில் போய் இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும். கனி சொன்ன விதி அது. அதற்காகவே ஆட்டம் நிற்காமல் நடந்தது. ஆறு வருடம், பன்னிரண்டு புதுப்பித்தல்கள். தல்மோருக்குப் பல் பிடுங்கியது, அவர் மகளுக்குப் படகுக்காரனோடு கல்யாணம் ஆனது, சுடலைமுத்து அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது, எல்லாம் எங்கள் தரையில் நடந்தது. மதுரைக்குப் போய் வந்த மறுநாள்களிலும் கனி தலையணையில் சாய்ந்துகொண்டு ஊராக இருந்தாள். நாக்கு வறண்டு, வார்த்தை ஒட்டிக்கொள்ளும். நகரத்தின் ஏழு வாய்க்கால்களையும் ஒவ்வொன்றாக, எங்கே அகலம், எங்கே ஆழம் என்று சொல்லிக்கொண்டே போவாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அவள் போனபோது அடுத்த புதுப்பித்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ரத்தினசாமி சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கையா, இனி ஊரா இருக்க வேண்டியது நீங்கதான். புத்தகம் படிக்கத் தெரிஞ்சது உங்களுக்கு மட்டும்தான்."

நான் புத்தகத்தை எடுத்து எண்பத்தெட்டாம் எண்ணைத் தேடினேன். 'நீர் அலுவலகம். பகலில் திறந்திருக்கும்' என்று ஒரே வரி இருந்தது. தல்மோர் இல்லை. சொத்தைப் பல் இல்லை. மகள் இல்லை, படகுக்காரன் இல்லை, ஆறு மாத விதியும் இல்லை. அத்தனை வருடமும் நான் வாசித்துக் கொடுத்ததைத்தான் அவள் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அந்த மாதம் அதே வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு எங்கள் அச்சகத்துக்கு வந்தது. பதினாறு பக்கம் ஒரு பாரமாக என் மெஷினுக்கு வந்துகொண்டிருந்தது. படிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வருடக்கணக்காக ஓடுகிற ஷீட்டைப் படித்தே பழகிய கண்ணை என்ன செய்வது? முதல் பதிப்பு முடிந்த இடத்திலிருந்து நகரத்தில் இருபது வருடம் கழிந்துவிட்டதாம். கொள்ளைநோய் வந்ததாம். நோய்க்குக் காரணம் என்று ஏழு வாய்க்கால்களையும் மண் கொட்டி மூடிவிட்டார்களாம். எண்பத்தெட்டாம் எண் இப்போது குதிரைத் தீவனக் கிடங்கு. நாலாயிரம் பிரதிக்கு அந்தப் பக்கத்தை நானே மடித்தேன்.

வளவில் சொன்னேன். அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அந்தப் புத்தகம் அந்த ஊர்க்காரனுக்கு. நமக்கு நம்ம புத்தகம்," என்றார் நவமணி அக்கா.

"பழைய சட்டத்துல கொடுத்த இணைப்பைப் புதுச் சட்டம் ரத்து பண்ண முடியாது. அப்படி ரத்து பண்ணணும்னா நோட்டீஸ் வரணும்," என்றார் ரத்தினசாமி சார்.

"நாளைக்கு நான்தான் அந்த லோடு ஏத்துதேன் அண்ணாச்சி. ஒரு வார்த்தை சொல்லுங்க, நாலாயிரத்தையும் கம்மாயில கவுத்துருதேன்," என்றான் சுடலைமுத்து. நான் வேண்டாம் என்றேன்.

புதுப்பித்தல் ஞாயிறு வந்தது. கனி விரித்த இடத்திலேயே வரைபடத்தை விரித்தேன். வாசலில் ஒன்பது வீட்டு ஆட்களும், பக்கத்துத் தெருக்காரர்கள் சிலரும் நின்றார்கள். நவமணி அக்கா வெற்றிலை மடித்துக் கொடுத்தார், கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.

"அய்யா தல்மோர், கும்பிடுறேன்," என்று அவர் ஆரம்பித்தார். "மக பேரப்பிள்ளை எல்லாரும் சொகமா? வாய்க்கால்ல தண்ணி நல்லாப் போகுதுங்களா?"

போகுது என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோரும் அந்தச் சொல்லை என் வாயிலிருந்து எடுத்துக்கொள்ளத் தயாராக நின்றார்கள். கனியாக இருந்தால் அதற்குள் தல்மோரின் பேத்தி நடக்க ஆரம்பித்திருப்பாள், படகு ஒன்று பாலத்தில் முட்டியிருக்கும், அவர் எழுந்துபோய்ச் சண்டையை விலக்கிவிட்டு வந்திருப்பார். என் கண்ணில் மடித்த ஷீட் மட்டும்தான் நின்றது. அச்சில் இருந்தது. நாலாயிரம் பிரதி.

"வாய்க்காலை மூடிட்டாங்க," என்றேன். "மூடி ரொம்ப வருசமாச்சு."

ரத்தினசாமி சார் புது மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சுடலைமுத்து தாயக்கட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தான். என்ன விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலத்துக்குள் அது நூலாகி, சொட்டாகி, நின்றது.

ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் எதையாவது சொல்லியிருப்பேன். மறுநாள் காலை வெறும் குடங்களோடு வரிசையில் நின்றவர்கள், நான் வேலைக்குப் போக வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நவமணி அக்கா மட்டும் ஒரு நாள், தகரம் அடித்துக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"அவ இருந்திருந்தா மூடுனதைத் திரும்பத் தோண்ட வச்சிருப்பா. ஒனக்கு அது வராதுப்பா. ஒன்னைக் கொண்டுபோயி உட்கார வச்சோமே, எங்களைச் சொல்லணும்."

ஒரே வருடத்தில் இரண்டு முறை என்னிடம் தண்ணீர் கேட்டார்கள். இரண்டு முறையும் எழுதியிருந்ததைத்தான் கொடுத்தேன்.

பிறகு நானாகச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வரைபடத்தை விரித்து, வந்தவனாக உட்கார்ந்து, நீர் அலுவலகத்துக்கு மனு எழுதிப் பார்த்தேன். முகவரியை வேண்டுமென்றே மாற்றியும் எழுதிப் பார்த்தேன். தண்ணீருக்காக மட்டும் இல்லை. அந்த ஊரில் கனி பேசாத ஆள் யாரும் கிடையாது. யாராவது ஒருவர், சந்தைக்காரியோ படகுக்காரனோ, சன்னலைச் சாத்துவதற்காவது வாயைத் திறக்க மாட்டார்களா என்று இருந்தது. ஊராக இருக்க ஆளில்லாமல் வந்தவன் மட்டும் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருப்பது?

ரத்தினசாமி சார் அதற்கு அடுத்த வருடம் இறந்தார். நவமணி அக்கா திருப்பூரில் மகனோடு இருக்கிறார். சுடலைமுத்துவுக்கு இடுப்பு போய்விட்டது. லாரி செட்டில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறான், தெருவில் பார்த்தால் இன்னும் அண்ணாச்சி என்கிறான். நான்கு வருடத்துக்கு முன் புதுக் குடிநீர்த் திட்டத்துக்காகத் தெருவைத் தோண்டினார்கள். எங்கள் குழாயை அடியோடு எடுத்தபோது, கீழே போன இரும்புக் குழாய் எந்த லைனிலும் சேராமல் தனியாக வந்தது. பிளம்பர் அதை ஓரமாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். நாலே கால் அடி நீளம் இருக்கிறது. மொட்டைமாடியில் கொடிக்கம்பிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். என் இரண்டு வேட்டியும் அதில்தான் காய்கின்றன.